வாளியை இறக்கி வையுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஆனால் எங்கள் குடியிருப்பில் அந்தச் சத்தம் கேட்கும். முதலில் பாத்ரூம் கதவைச் சாத்தித் தாழ் போடுவது, அடுத்து குழாய் திறப்பது, பிறகு அடிவயிற்றிலிருந்து கிளம்பும் ஒரு நீண்ட ஓலம். புதிதாகக் குடிவந்தவர்கள் யாரோ குழந்தையைப் போட்டு அடிக்கிறார்கள் என்று பதறிப் படிக்கட்டுக்கு ஓடிவருவார்கள். இரண்டாவது மாடி அக்கா தன் பாரசீகப் பூனையைக் குளிப்பாட்டுகிறார் என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்புவோம்.

அந்த அக்கா மனசில் ஈரமில்லாதவர் அல்ல. பூனைக்கு உப்புப் போடாமல் மீன் வேகவைத்து, முள் பார்த்து எடுத்துக் கொடுப்பவர். அது ஒரு வேளை சாப்பிடாவிட்டால் தானும் தட்டைத் தொடாதவர். ஒருநாள் அவர் முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் மூன்று கீறல்கள் தடித்துச் சிவந்திருந்தன. "எதுக்குக்கா இந்தப் பாடு? விட்டுடலாமே" என்றேன். "வாரம் ஒரு தடவையாவது குளிப்பாட்டலேன்னா நாறிப்போயிடாதா தம்பி? முடி வேற கொட்டுது, வீட்ல சின்னப் புள்ள இருக்கு. மனுஷனே நாலு நாள் குளிக்கலேன்னா என்ன ஆகுறான்?" என்றார்.

அக்கா தனியாக இல்லை. பூனை வளர்க்கும் வீடுகளில் இன்று நான் கேட்பதெல்லாம் இந்தப் பேச்சுத்தான். பூனை விற்கும் கடைக்காரர் குட்டியோடு சேர்த்து ஷாம்பு பாட்டிலையும் தருகிறார். செல்போனைத் திறந்தால் துண்டுக்குள் சுருட்டப்பட்டு, முடியெல்லாம் உடம்போடு ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரியும் பூனையைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் சிரிக்கிறார்கள். குளிப்பாட்டாதவன் சோம்பேறி, பூனையை அழுக்காக வைத்திருப்பவன் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. சனிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு, சுத்தம் என்றாலே தண்ணீர்தான். அந்த அளவுகோலைக் கொண்டுபோய்ப் பூனையின் மேல் வைக்கிறோம். அது தவறான அளவுகோல் என்பதுதான் என் வாதம். வீட்டுக்குள் வளரும், உடம்பு நன்றாக இருக்கும் பூனைக்குக் குளியல் வேண்டாம். ஒரு பூனை அழுக்காகத் தெரிகிறது என்றால், அதை எப்படிக் கழுவுவது என்று கேட்பதற்கு முன்னால், அது ஏன் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளவில்லை என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாளியைத் தூக்கியதால் நான் செய்த பிழை ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நாக்கு.

பூனை உங்கள் கையை நக்கும்போது உப்புத்தாள் தேய்ப்பதுபோல் இருக்கும். அந்தச் சொரசொரப்பு, நாக்கின் மேல் நூற்றுக்கணக்கில் முளைத்து, தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் நுண்ணிய முட்களால் வருவது. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனவை அவை. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் அலெக்சிஸ் நோயல் என்ற ஆய்வாளரின் வீட்டுப் பூனை ஒருமுறை போர்வையை நக்கப்போய், நாக்கு அதில் சிக்கிக்கொண்டது. அதைப் பார்த்ததிலிருந்து தொடங்கிய கேள்வியை அவரும் சக ஆய்வாளர் டேவிட் ஹூவும் பின்தொடர்ந்தார்கள். வீட்டுப் பூனையிலிருந்து புலி, சிங்கம் வரை ஆறு வகைப் பூனையினங்களின் நாக்குகளை எடுத்து ஸ்கேன் செய்தார்கள். முட்கள் வெறும் கூம்புகள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். பார்த்தால், ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் சின்னக் கரண்டி போல ஒரு குழிவு. வாய்க்குள் இருக்கும் எச்சிலை அந்தக் குழிவு தானாகவே உறிஞ்சி நிறைத்துக்கொள்கிறது. நாக்கு ரோமத்தில் இறங்கும்போது முட்கள் நிமிர்ந்து, மேல் முடியைப் பிளந்து, அடியில் இருக்கும் மென்முடி வரைக்கும், தோல் வரைக்கும் அந்த ஈரத்தைக் கொண்டுபோய் விடுகின்றன. 2018-ல் வெளிவந்தது அந்த ஆய்வு.

அதாவது சீப்பும் தண்ணீரும் ஒரே கருவியில் இருக்கின்றன. நாம் மக்கில் மொண்டு ஊற்றும் தண்ணீர் மேல் முடியில் வழிந்து தரையில் போகிறது. ஷாம்பு போட்டுக் கசக்கினால்தான் அடிவரை இறங்கும். இறங்கியது காய்வதற்கும் நெடுநேரம் ஆகும். பூனை இடுகிற ஈரமோ வேண்டிய அளவுக்கு மட்டும் இறங்கி, காயும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பாதத்தின் அடிப்பகுதியைத் தவிர வேறெங்கும் பெரிதாக வியர்க்காத பிராணிக்கு வெயில் காலத்தில் அந்த எச்சில்தான் வியர்வை. "வெயிலுக்கு ஜில்லுனு இருக்கட்டும்னு குளிப்பாட்டினேன்" என்று திருச்சிக் கத்திரி வெயிலில் சொல்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: அது காலையிலிருந்து அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

எவ்வளவு நேரம் செய்கிறது? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் எக்ஸ்டீன், ஹார்ட் என்ற இருவர் பூனைகளை வீடியோ எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். நாளின் நேரத்தில் சுமார் 4 சதவீதம் நக்கிச் சுத்தம் செய்வதில் போகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரம். நம்மில் யார் தினமும் ஒரு மணி நேரம் குளிக்கிறோம்? அதே இருவர் இன்னொன்றும் பார்த்தார்கள். தெள்ளுப்பூச்சி நிறைந்த ஒரு வீட்டில் சில பூனைகளின் கழுத்தில் நக்க முடியாதபடி கூம்பு மாட்டிவிட்டார்கள், மற்றவற்றைச் சும்மா விட்டார்கள். மூன்று வாரம் கழித்து எண்ணினால், கூம்பு மாட்டியவற்றின் மேல் இரண்டு மடங்கு பூச்சி. நாக்கு செய்யும் வேலை அப்படி. கம்பன் தன் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டான். பாற்கடலுக்கு அந்த நாக்கு போதாதுதான். தன் உடம்புக்கு அது போதும்.

இங்கே எதிர்த்தரப்புக்கு ஒரு நியாயமான பிடி கிடைக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. நோயலும் ஹூவும் செய்த கணக்கில் ஒரு பூனை மட்டும் தேறவில்லை. அது பாரசீகப் பூனை. அதன் ரோமத்தை எவ்வளவு அழுத்தினாலும் முள்ளின் நீளத்தைவிடத் தடிமனாகவே இருக்கிறது. எச்சில் தோலை எட்டுவதில்லை. மனிதன் அழகுக்காக வளர்த்தெடுத்த முடிக்கு இயற்கை கொடுத்த நாக்கு போதவில்லை. ஆகவே பாரசீகப் பூனைக்கு நம் உதவி வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் என்ன உதவி? அதற்கு வரும் சங்கடம் சிக்கு. அக்குளிலும், காதுக்குப் பின்னாலும், தொடை இடுக்கிலும் முடி திரண்டு சடையாகிறது. சடையில் தண்ணீர் பட்டால் அது அவிழாது, இன்னும் இறுகும். கம்பளி நூலை நனைத்துக் கசக்கினால் என்ன ஆகிறதோ அதுதான். இறுகிய சடை அடித்தோலைப் பிடித்து இழுக்கும், உள்ளே ஈரம் தங்கும், புண்ணாகும். வேண்டியது உலோகப் பல் வைத்த சீப்பு, தினமும் பத்து நிமிடம், பூனை மடியில் சொக்கிப்போய்க் கிடக்கும் நேரத்தில். ஒரு நாள் தலை, மறுநாள் வயிறு என்று பிரித்துக்கொண்டால்கூடப் போதும். பூச்சி இருந்தால் நம் வீடுகளில் கிடக்கும் பேன் சீப்பே எடுக்கும். சீப்பை ஒவ்வொரு இழுப்புக்கும் சோப்புத் தண்ணீரில் முக்கினால் பூச்சி அதிலேயே மூழ்கிச் செத்துப்போகும். குளிப்பாட்டினால் பூனையின் மேல் இருக்கும் பூச்சிதான் போகும். முட்டையும் புழுவும் பாயிலும் சோபா இடுக்கிலும் மிதியடியிலும் அல்லவா இருக்கின்றன? அங்கிருந்து புதுப் பூச்சிகள் திரும்ப ஏறிக்கொள்ளும்.

இப்போது ஷாம்புவுக்கு வருகிறேன். குளித்து முடித்து விடுதலையான பூனை முதலில் செய்வது என்ன என்று கவனித்திருக்கிறீர்களா? கட்டிலுக்கு அடியில் ஓடிப்போய், உட்கார்ந்து, உடம்பு முழுவதையும் நக்கத் தொடங்கும். நாம் அதன் மேல் எதைத் தேய்த்தோமோ, அலசியது போக மிச்சமெல்லாம் அதன் வயிற்றுக்குள் போகிறது. மனிதனுக்கும் பூனைக்கும் இதில்தான் பெரிய வித்தியாசம். நம் ஈரலில் சில நச்சுகளைக் கட்டிப்போட்டு வெளியேற்றும் நொதிகள் உண்டு. அவற்றில் முக்கியமான ஒன்றைச் செய்யும் மரபணு பூனையிடம் செயலிழந்து கிடக்கிறது. நாம் தலைவலிக்கு விழுங்கும் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொன்றுவிடும் என்பதற்குக் காரணம் இந்தக் குறைதான். பீனால் வகைப் பொருள்களும் அதற்கு ஆகாது. "நாலு சொட்டு டெட்டால் விட்டுக் குளிப்பாட்டுவோம், கிருமி போயிடும்" என்று பெருமையாகச் சொல்பவர்களை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். டெட்டாலில் இருக்கும் குளோரோசைலெனால் அந்தப் பீனால் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நாய்க்கு வாங்கிய உண்ணி ஷாம்புவைப் பூனைக்கும் போடுகிறார்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு உடம்பு உதறி வலிப்பு வரும், உயிரே போகும். நல்லெண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டுத் தேய்ப்பது, மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பது எல்லாம் பாட்டி வைத்தியம் என்ற பெயரில் நடக்கின்றன. இரண்டும் பூனைக்கு நஞ்சு. அப்படித் துடைப்பதைவிட அந்த அழுக்கு அப்படியே இருந்துவிட்டுப் போகலாம்.

அக்கா சொன்ன முக்கியமான விஷயம் குழந்தை. பூனை முடியால் ஆஸ்துமா வரும் என்ற பயம் நம் வீடுகளில் ஆழமானது, அதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பூனையால் மூச்சுத்திணறல் வருவது உண்மை. ஆனால் அது முடியால் வருவது இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உண்டாகும் ஃபெல் டி 1 என்ற ஒரு புரதம்தான் காரணம். அது காய்ந்து, தூசியோடு தூசியாக மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். பூனையைத் தண்ணீரில் முக்கிக் குளிப்பாட்டினால் அது குறைகிறதா என்று பார்த்த ஓர் ஆய்வு 1997-ல் வெளிவந்தது. குறைந்தது, நன்றாகவே குறைந்தது. ஆனால் ஒரு வாரம் கழித்து அளந்தபோது அந்தக் குறைவு நிலைக்கவில்லை. சுரப்பி சுரந்துகொண்டேதானே இருக்கிறது? ஆகவே ஞாயிற்றுக்கிழமை குளியலால் அந்தக் குழந்தைக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நாள் நிம்மதி, மிச்ச நாளெல்லாம் பழைய கதை. குழந்தை படுக்கும் அறைக்குள் பூனையை விடாமல் இருப்பது, தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பது, துடைப்பத்தால் தூசியைக் கிளப்பாமல் ஈரத் துணியால் தரையைத் துடைப்பது ஆகியவை பலன் தரும். இழுப்பு இருக்கிற குழந்தை என்றால் பூனையை எடுத்து வளர்ப்பதற்கு முன்னால் மருத்துவரிடம் பேச வேண்டும்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையை இன்னும் அதிகமாகக் குளிப்பாட்டுகிறார்கள். அங்கே பயப்பட வேண்டியது டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. அது வெளியே வருவது பூனையின் மலத்தில். வந்த உடனே தொற்றாது, தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். மணல் தட்டைத் தினமும், கர்ப்பிணி அல்லாத ஒருவர், சுத்தம் செய்தால் போதும். அரைவேக்காட்டு இறைச்சியும் கழுவாத கீரையும் அந்தப் பெண்ணுக்குப் பூனையைவிடப் பெரிய ஆபத்து. பூனையே அசுத்தம் என்று தயங்குபவர்களுக்கு இன்னொன்று: இஸ்லாமிய மரபில் பூனை வாய் வைத்த தண்ணீரை அசுத்தம் என்று கொள்வதில்லை. அந்த வீடுகளில் பூனை பாயில் படுத்திருக்கும், தலைமுறை தலைமுறையாக, யாரும் அதை வாளியில் முக்காமலே.

"குட்டியிலிருந்தே பழக்கினா பழகிடும்" என்பது அடுத்த வாதம். இதுதான் என்னை அதிகம் உறுத்துவது, ஏனென்றால் நானும் இதை நம்பினேன். தண்ணீரை விரும்பும் பூனைகள் உண்டு. துருக்கியின் வான் ஏரிப் பகுதியிலிருந்து வந்த இனம் நீந்துவதற்குப் பேர்போனது. மேற்கு வங்கத்தின் மாநில விலங்கான மீன்பிடிப் பூனை சதுப்பு நிலத்தில் தலைகீழாகப் பாய்ந்து மீனைக் கவ்வும். ஆனால் அதன் அடிமுடி மிக நெருக்கமானது, தண்ணீர் தோலைத் தொடாது. நம் வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலங்களில் திரிந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. அதன் ரோமம் நனைந்தால் நனைந்ததுதான். உடம்பின் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் பிராணி அது. நமக்கு வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர் அதற்குக் குளிர். நம் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், பூனையின் காது 60-ஐயும் தாண்டும். டைல்ஸ் ஒட்டிய சின்ன பாத்ரூமில் குழாய் சீறும்போது நமக்குக் கேட்காத என்னென்னவோ அதற்குக் கேட்கிறது. கால் வழுக்குகிறது, ஒளிய இடமில்லை, கதவு சாத்தியிருக்கிறது, தன்னை வளர்த்தவரே கழுத்தைப் பிடித்து அழுத்துகிறார்.

அந்தக் கழுத்துப் பிடிக்கு ஒரு சமாதானம் சொல்வார்கள்: தாய்ப்பூனை அப்படித்தானே தூக்குகிறது? வைணவத்தில் மார்ஜார நியாயம் என்று ஒன்று உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும்; பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய் கவ்விக்கொள்வாள். சரணாகதிக்கு அதைவிட நல்ல உவமை இல்லை. ஆனால் அது குட்டியின் சரணாகதி. கண் திறந்து சில வாரமே ஆன, உள்ளங்கையில் அடங்கும் குட்டி. நாலு கிலோ இருக்கும் வளர்ந்த பூனையின் பிடரியைக் கொத்தாகப் பற்றி அழுத்தினால் அதற்குத் தாய் நினைவு வராது, தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்றுதான் தோன்றும். அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கமும் சர்வதேசப் பூனை மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியில் மருத்துவர்களே அப்படிப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பயம் குளியலோடு முடிந்துபோவதும் இல்லை. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டனும் அவருடைய குழுவினரும் 32 பூனைகளை 77 வாரம் பார்த்தார்கள். அவற்றில் 12 பூனைகளுக்கு எந்த நோயும் இல்லை. வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்த வாரங்களில், நோயில்லாத பூனைகளும் வாந்தி எடுத்தன, சாப்பாட்டைக் குறைத்தன, மணல் தட்டுக்கு வெளியே போயின. உணவு நேரம் மாறுவது, பார்த்துக்கொள்ளும் ஆள் மாறுவது போன்ற விஷயங்களுக்கே இப்படி. கடுவன் பூனைகளுக்கு மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை வீங்கி, சிறுநீர் அடைத்துக்கொள்வதும் உண்டு. ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும் அடைப்பு அது. வீட்டில் இரண்டு பூனை இருந்தால் இன்னொரு கொடுமையும் பார்க்கலாம். குளித்துவிட்டு வந்ததைப் பார்த்து மற்றது சீறும். வாசனையை வைத்துத்தானே அவை ஒன்றை ஒன்று அறிகின்றன? நேற்றுவரை கட்டிப்பிடித்துத் தூங்கியது இன்று அந்நியமாகிவிட்டது. அக்காவின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று கீறலுக்காக அவர் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள அரசு மருத்துவமனைக்கு நான்கு முறை போய்வந்தார். பூனைக்குத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. பூனை கீறினாலும் கடித்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே போகத்தான் வேண்டும்.

"இப்பல்லாம் அடங்கி நிக்குதே, பழகிடுச்சு" என்பார்கள். என் பூனை சாம்பியும் அடங்கித்தான் நின்றாள்.

சாம்பிக்கு அப்போது பதினோரு வயது. ஒரு மழைக்காலத்தில் அவளுடைய முதுகின் பின்பாதியில் முடி பிசுபிசுவென்று குச்சி குச்சியாகப் பிரிந்து நின்றது. பொடுகு உதிர்ந்தது. பக்கத்தில் வந்தால் ஒரு வாடை. வயசாகிவிட்டது, சோம்பேறியாகிவிட்டாள் என்று நினைத்தேன். பூனைக்கென்றே விற்கும் ஷாம்பு வாங்கினேன், ஹீட்டர் போட்டுத் தண்ணீர் விளாவினேன். முதல் ஞாயிறு போராடினாள். இரண்டாவது ஞாயிறு கத்தினாள். மூன்றாவது ஞாயிறு ஒன்றும் செய்யவில்லை. வாளிக்குள் நின்றபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது தலையோடு படிந்திருந்தது, கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாக இருந்தது. பழகிவிட்டாள் என்று எனக்கு சந்தோஷம். துண்டில் சுற்றி வெளியே எடுத்து வந்தபோது வாயைத் திறந்து, நாய்போல, நாக்கு வெளியே தெரிய இரைத்தாள். பூனை அப்படி இரைக்காது. இரைத்தால் ஆபத்து என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்து, ஈரம் காய்வதற்குள் கூடையில் வைத்து மருத்துவரிடம் ஓடினேன்.

அவர் முடியைப் பார்க்கவே இல்லை. மூச்சு சீரானதும் மேலுதட்டைத் தூக்கினார். கடைவாய் ஈறு கொவ்வைப்பழம்போல் இருந்தது. ஒரு பல்லின் கழுத்தில் அரித்துப்போன பள்ளம். பஞ்சுக் குச்சியின் நுனியால் அதைத் தொட்டார். சாம்பியின் தாடை கிடுகிடுவென்று தானாக ஆடியது. "எத்தனை நாளா நக்கறதில்லை?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "நாக்கை நீட்டும்போதெல்லாம் வலிச்சிருக்கும் சார். அதான் விட்டுட்டா."

அவள் விட்டுவிட்டதை நான் அழுக்கு என்று படித்திருந்தேன். மூன்று வாரம், வலியில் இருந்த ஒரு கிழவியைத் தண்ணீரில் நிறுத்தியிருக்கிறேன். இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பூனை தன் வலியைச் சொல்லாது. நொண்டாது, முனகாது, மறைக்கும். மறைக்க முடியாமல் வெளியே தெரிவது ரோமம் ஒன்றுதான். முதுகின் பின்பகுதி பிசுக்கேறினால் அங்கே வளைந்து நக்க முடியவில்லை என்று பொருள். ஒன்று உடம்பு பருத்துவிட்டது, இல்லை மூட்டு வலிக்கிறது. 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து 2002-ல் ஓர் ஆய்வு வந்தது. 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. உடம்பு முழுக்க மங்கினால் பல்லோ, சிறுநீரகமோ, தைராய்டோ, காய்ச்சலோ. மோவாயும் மார்பும் ஈரமாகவே இருந்தால் வாயைப் பார்க்க வேண்டும். ஷாம்பு போட்டால் இந்தத் தடயமெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். பளபளவென்று இருக்கும் பூனையைப் பார்த்து நாம் திருப்திப்பட்டுக்கொள்வோம். நோய் உள்ளே இன்னும் ஒரு மாதம் வளரும்.

குளிப்பாட்டவே கூடாதா என்றால், கூடும். பூனை நக்கினால் அதற்கே ஆபத்து என்ற பொருள் மேலே பட்டுவிட்டால் உடனே கழுவத்தான் வேண்டும்: பெயின்ட், மண்ணெண்ணெய், காருக்கு அடியில் படுத்து அப்பிக்கொண்ட ஆயில், தவறுதலாகப் போட்ட நாய் மருந்து. படர்தாமரைக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மருந்துக் குளியலும், முடியே இல்லாத ஸ்பிங்ஸ் இனத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் குளியலும் இதில் சேரும். எங்கள் தெரு மளிகைக் கடையில் எலிக்கு வைத்த பசை அட்டையில் ஒருமுறை ஒரு குட்டி மாட்டிக்கொண்டது. ஒரு பக்கம் முழுக்க அட்டையோடு ஒட்டி, இழுக்க இழுக்கத் தோல் கிழிகிற மாதிரி ஆகிவிட்டது. கடைக்காரர் தண்ணீரை எடுக்கப் போனார், தடுத்தேன். தேங்காயெண்ணெயை விரலில் தொட்டு, முடி முடியாக, அட்டை விளிம்பிலிருந்து உள்நோக்கித் தடவிக்கொண்டே போனோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பசை எண்ணெயில் இளகி நூல்போல் நீண்டு விட்டுக்கொடுத்தது. அதன் பிறகுதான் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, தட்டையான பேசின், அடியில் கால் வழுக்காமல் இருக்கச் சாக்கு. குழாயைத் திறக்கவில்லை, முகத்தில் தண்ணீர் ஊற்றவில்லை. ஒருவர் மார்பைத் தாங்கிப் பிடிக்க, ஒருவர் டம்ளரால் ஊற்ற, அலசி முடித்ததும் பழைய வேட்டியில் சுற்றி, கடை பல்புக்குக் கீழே வைத்துக்கொண்டோம். அந்தக் குட்டிக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது அது. அதன் பிறகு அதை யாரும் குளிப்பாட்டவில்லை, இன்று அரிசி மூட்டைகளின் மேல் வெள்ளையாகப் படுத்திருக்கிறது.

இரண்டாவது மாடி அக்காவிடம் இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லிவிட முடியவில்லை. முதலில் சீப்பை வாங்கிக் கொடுத்தேன். பூனையின் அக்குளில் எலுமிச்சை அளவுக்கு ஒரு சடை இருந்தது; குளித்துக் குளித்து இறுகியது. கத்தரிக்கோல் வைத்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும் என்று பயம். கொஞ்சம் மாவு தூவி விரலால் பிரித்து, மூன்று சாயங்காலத்தில் எடுத்தோம். "இதுவா இவ்வளவு நாளா இழுத்துக்கிட்டு இருந்துச்சு" என்று அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாம்பிக்கு ரத்தப் பரிசோதனை செய்து, மயக்கம் கொடுத்து, நான்கு பல் எடுத்தார்கள். ஒரு வாரம் மீனை மசித்துக் கொடுத்தோம். அவளுடைய முதுகில் பிசுக்கு அப்படியே இருந்தது, நான் தொடவில்லை. பதினெட்டாவது நாள் காலையில் நான் காபியோடு ஹாலுக்கு வந்தபோது ஜன்னல் திட்டில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். முன்னங்காலைத் தூக்கி, ஒருமுறை நக்கி, நிறுத்தினாள். வலிக்கிறதா என்று பார்ப்பதுபோல் இருந்தது. மறுபடியும் நக்கினாள். ஈரப் பாதத்தால் காதுக்குப் பின்னாலிருந்து கன்னம் வரை துடைத்தாள், பிறகு தோள், பிறகு விலா, பிறகு உடம்பை வில்லாக வளைத்து அந்தப் பின்முதுகு. நாக்கு ரோமத்தில் கரகரவென்று உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. வெயில் திட்டை விட்டு நகரும் வரைக்கும் அவள் நிறுத்தவில்லை.